நாழிகைக் கணக்கரும் கணினியின் காலக்கணக்கும்

முல்லைப்பாட்டைக் கற்றோர், பாசறையில் இருக்கும் அரசனுக்கு நீர்க்கடிகையைப் பார்த்துக் கழிந்த நாழிகையை அறிவிக்கும் நாழிகைக் கணக்கரை அறிவர். கழிந்ததை எண்ணிச் சொல்லுதல் அவர்தம் கடமை, அவ்வளவே. அரசன் விரும்பினான் என்பதற்காக ஒரு நாழிகையைக் கூட்டியோ குறைத்தோ சொல்லும் உரிமை அவர்க்கு இல்லை. இப்பழஞ்செய்தியை ஈண்டு எடுத்ததற்குக் காரணம் உண்டு. கணினியின் அகத்தே இயங்கும் காலக்கணக்கு நிரலைப் பொறியியலாளர் இடையறாது திருத்தி வருகின்றனர் என்று ஆசிரியர் அறையில் பேச்செழுந்தபோது, "ஓடுகின்ற ஒன்றில் எதற்காகக் கைவைக்க வேண்டும்?" என்றார் நண்பர் ஒருவர். கட்டைபறிச்சானில் வாழ்ந்தவர் இவ்வாறு வினாவியது எனக்கு வியப்பாயிற்று.

நேரம் என்பது எவ்வளவு எளிதில் இரண்டுபடும் என்பதை இவ்வூரார் கண்ணாற் கண்டவர் அல்லரோ? கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியிருந்த இலங்கை நேரத்தை, 1996 மே 25ஆம் நாள் அரசாங்கம் மேலும் ஒரு மணி முன்தள்ளியது. மழை பொய்த்து நீர்மின் உற்பத்தி குன்றியமையால் மின்சாரத்தை மிச்சப்படுத்தல் நோக்கம். அவ்வாண்டு ஒக்டோபர் 26இல் அரைமணி திரும்பப் பெறப்பட்டது. எஞ்சிய அரைமணி 2006 ஏப்பிரல் 15 வரை நிலைத்தது. (1942இல், திருகோணமலைத் துறைமுகத்தின்மேல் ஜப்பானியர் குண்டு வீசிய ஆண்டிலும், யுத்தத்தை முன்னிட்டு இப்படி நேரத்தை முன்தள்ளி 1945இலே மீட்டனர்.) விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளோ 1996இன் மாற்றத்தை ஏற்கவில்லை. ஆகவே மூதூரில் ஒரு நேரம், சம்பூரில் ஒரு நேரம். இரண்டுக்கும் நடுவே எங்கள் ஊர்.

அக்காலத்தில் யான் இளம் ஆசிரியன். சோதனைச் சாவடியைக் கடக்கையில் கைக்கடிகாரத்தை அரைமணி பின்திருப்புவேன். பிற்பகல் மீள்கையில் முன்திருப்புவேன். நாளடைவில் திருப்புவதை விட்டு, மனத்தாற் கணக்கிடப் பழகினேன். எல்லார்க்கும் அப்பழக்கம் வாய்க்கவில்லை. ஒருமுறை வீட்டுக் கடிகாரத்தை நம்பிக் காலை எட்டரைக்கென்று பரீட்சைக்கு வந்து சேர்ந்த மாணவி ஒருத்தி, மண்டபத்தில் மணி ஒன்பது என்று கண்டு வாயிலிலே நின்று அழுதாள். அவள் வீட்டுக் கடிகாரம் பிழையன்று. மண்டபத்துக் கடிகாரமும் பிழையன்று. அவளை உள்ளே விட்டார்கள். ஆயினும் போன அரைமணி போனதுதான்.

இச்சிக்கலுக்குக் கணினி அமைத்தோர் கண்ட தீர்வு என் மனத்தை ஈர்த்தது. லினக்ஸ் போன்ற இயங்குதளத்தின் உள்ளீட்டைக் 'கெர்னல்' என்பர். விதையின் பருப்பு என்பது அச்சொல்லின் பொருள். 'கருனி' என்று நம்மவர் சிலர் ஆக்கியிருப்பது எனக்கு உடன்பாடே. இக்கருனி 1970 ஜனவரி 1 முதலாக உலகப் பொது நேரத்தில் வினாடிகளை எண்ணுகின்றது. கொழும்பு எது, கொல்கத்தா எது என்னும் ஆராய்ச்சி அதற்கு வேண்டுவதில்லை. எந்த ஊரார் எந்நாளில் எந்நேரத்தைக் கைக்கொண்டனர் என்பது புறத்தே தனியொரு தொகுப்பில் எழுதப்பட்டுள்ளது. ஆதர் டேவிட் ஒல்சன் என்பவர் தொடங்கி, போல் எகேட் என்பவர் பேணிவந்த தொகுப்பு அது. அதில் கொழும்புக்குரிய பகுதியில், தமிழர் தரப்பின் கட்டுப்பாட்டில் வாழ்வோர் கொல்கத்தாவின் நேரத்தைக் கொள்ளலாம் என்ற பொருளில் ஒரு குறிப்பும் இருக்கின்றது. எங்கள் அரைமணியை உலகில் யாரோ ஒருவர் குறித்துவைத்திருக்கிறார் என்று அறிந்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

எண்ணுவது வேறு, எண்ணியதற்குப் பெயரிடுவது வேறு என்னும் இப்பகுப்பு நாழிகைக் கணக்கரின் நெறியே. கருனி இன்னும் ஒருபடி மேற்சென்று, ஒருவராலும் முன்பின் திருப்ப முடியாத மற்றொரு கடிகாரத்தையும் தன்னுள் வைத்திருக்கின்றது. 'பத்து வினாடி கழித்து என்னை எழுப்பு' என்று ஒரு நிரல் கேட்டு உறங்கினால், அதற்கு இக்கடிகாரமே துணை. இல்லையேல் இடையில் ஒருவர் மணியைப் பின்திருப்ப, உறங்கியது அரைமணி பிந்தியன்றோ எழும்!

அப்படியாயின் திருத்தம் எதற்கு என்று நண்பர் மீண்டும் கேட்பார். புவியின் சுழற்சி சீரற்றது. அதனோடு பொருந்துமாறு உலகப் பொது நேரத்தில் இடையிடையே ஒரு வினாடி சேர்ப்பது 1972இல் தொடங்கிய வழக்கம். 2012 ஜூன் 30 நள்ளிரவில் அவ்வாறு சேர்த்தபோது (நமக்கு ஜூலை முதல் நாள், ஞாயிறு காலை ஐந்தரை) லினக்ஸ் கருனியில் ஒரு குறை வெளிப்பட்டது. நேரம் மாறிய செய்தி, நுண்ணிய கால எழுப்பிகளுக்கு எட்டவில்லை. உரிய காலம் வருமுன்னரே அவை ஓயாது எழுந்துகொண்டிருந்தன. உலகெங்கும் பல கணினிகள் வேலை செய்யாமலே மூச்சுத் திணறின. ஒரு வினாடியால் வந்த வினை! அதைத் திருத்தியவர் ஓடுகின்ற ஒன்றிலேதான் கைவைத்தனர். 2035ஆம் ஆண்டுக்குள் இவ்வினாடிச் சேர்க்கையை ஒழிப்பதென 2022இல் உலக அளவியல் மாநாடு தீர்மானித்திருக்கின்றது. நல்ல முடிவென்பேன்.

இதனினும் பெரிது ஒன்று காத்திருக்கின்றது. பழைய கருவிகள் பலவற்றில் வினாடிக் கணக்குக்கு ஒதுக்கிய இடம் 214,74,83,647 வரையே கொள்ளும். 2038 ஜனவரி 19ஆம் நாள் இலங்கை நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு அக்கலம் நிரம்பும். அடுத்த வினாடியில் அக்கருவிகள் 1901ஆம் ஆண்டு டிசம்பருக்குப் போய்விடும். லினக்ஸ் கருனியில் இதற்கான திருத்தம் 2020இல் வந்த பதிப்போடு நிறைவெய்தியது. திருத்தம் எழுதப்பட்டது, சேர்ந்ததா என்பதே என் கவலை. மாநகரத்துக் கணினிக்கு இரவோடிரவாகச் சேர்வது, நன்கொடையாகக் கிடைத்த பழங்கருவியை உயிருள்ளவரை ஓட்டுகின்ற எங்கள் போன்ற ஊர்க்குச் சேர்வதில்லை. போர் முடிந்து மீளக்குடியேறிய பின் எங்கள் பாடசாலைக்கு வந்த கணினி, 2006இன் மாற்றத்தை அறியாமல் நெடுநாள் அரைமணி முந்தியே நின்றது. திருத்த இணைய வசதி இல்லை. மாணவன் ஒருவன் அதன் ஊரைச் 'சென்னை' என்று மாற்றிவைத்தான். அன்றுமுதல் நேரம் சரி. கணினிதான் கொட்டியாரக் குடாவை விட்டுச் சென்னையில் இருப்பதாக எண்ணிக்கொண்டது. இத்தகைய ஒட்டுவேலை 2038இல் உதவாது. ஆகையால் கருவியை வழங்குவோர், அதன் ஆயுட்காலம் முழுதும் திருத்தத்தையும் வழங்கக் கடமைப்பட்டவர் என்று சட்டம் செய்தல் வேண்டும். கருவி இலவசம் என்பது அதற்கு விலக்காகாது.

2038இல் அந்த ஜனவரி 19 செவ்வாய்க்கிழமை. பாடசாலையில் இரண்டாம் பாடவேளை நடந்துகொண்டிருக்கும். யான் அப்போது ஓய்வு பெற்றிருப்பேன். அலுவலறையிலும் ஆய்வுகூடத்திலும் உள்ள பழங்கருவிகளைச் சென்ற தவணையில் ஒரு பட்டியலாக எழுதி அதிபரிடம் கொடுத்திருக்கிறேன். பதினொரு உருப்படி. முதலாவது அந்தச் 'சென்னை'க் கணினி.