விருந்து வைத்தவர் யார்? விருந்தாளி யார்?

வெள்ளிமலை என்று பெயர். வெள்ளி விளையும் மலையல்ல. சாமை விளையும் மலை. தினை விளையும் மலை. தேனும் புளியும் கடுக்காயும் தரும் மலை! கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடமாக விளங்கும் அச்சிற்றூரில் கோடைவிழா என்று கேள்வியுற்றதும், பிள்ளைகள் மூட்டை கட்டிவிட்டனர். உதகைக்கும் கோடைக்கானலுக்கும் போக வசதி படைத்தோர் போகட்டும். நமக்கு உதகை, கல்வராயன் மலைதானே!

தாயார், துணைவியார், இரு பிள்ளைகள் என்று குடும்பமாகப் புறப்பட்டோம். கச்சிராயபாளையம் கடந்து, 1965-ல் கட்டப்பட்ட கோமுகி அணையைக் கண்டு, வளைந்து வளைந்து ஏறிற்று பேருந்து. மலை ஏற ஏற, வெயில் இறங்கிற்று. மேளம் முழங்கிற்று, மலைமக்கள் கைகோத்து ஆடினர், காலமெல்லாம் முழங்கால் வலி என்று முனகும் தாயாரும் நின்றபடியே தாளமிட்டார். மகிழ்ந்தோம். மறைப்பானேன்?

பசித்தது. உணவுக் கடைகள் பக்கம் சென்றோம். சாமைச் சோறு, தினைமாவு, கேழ்வரகுக் களி! மூதாட்டி ஒருவர், மலைமகள், கைகூப்பி, "வாங்க சாமி" என்றார்.

"சாமியா? நான் சாமியல்ல, அம்மா! உங்கள் மகன்போல" என்றேன். அவர் சிரித்தார். "பழகிப்போச்சு சாமி" என்றார் மீண்டும்!

என் மகள் கேட்டாள்: "பாட்டி, உங்கள் வீட்டில் தினமும் இதைத்தான் சாப்பிடுவீர்களா?"

"இல்ல கண்ணு. சாமை விக்கிறதுக்கு. நாங்க ரேஷன் அரிசி."

சோறு இனித்தது, சொல் சுட்டது.

இரண்டு கிலோ சாமை கேட்டேன். விலை சொன்னார். "கொஞ்சம் குறைத்துக் கொடுங்களேன்" என்றேன். துணைவியார் ஒரு பார்வை பார்த்தார். "கீழே ஓட்டலில் சொன்ன விலையை வாய் திறவாமல் கொடுத்தீர்களே!" என்றார். மேடையேறிச் சமத்துவம் முழங்கும் வாய், மலையேறிப் பேரம் பேசிற்று! வெட்கப்பட்டேன். சொன்ன விலையைக் கொடுத்தேன். அந்த வெட்கத்தை என்னோடு மட்டும் வைத்துக்கொள்ள விரும்பாததால்தான் இதை எழுதுகிறேன்.

'சாமி' என்ற அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் பிறந்தது. ஆனால் கல்வராயன் மலையிலே ஜாகிர்தார்களின் ஆதிக்கம் 1976 வரை நீடித்தது! நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள்! கீழே வாக்குச் சீட்டு ஆட்சிகளை மாற்றிக்கொண்டிருந்தது. மேலே, உழுதவன் கும்பிட்டபடி நின்றான். ஜாகிர் போயிற்று, கும்பிடு போகவில்லை.

'மலையாளி' என்று அவர்களுக்குப் பெயர். கேரளத்தார் அல்லர், தமிழ் பேசும் மலைவாழ் பழங்குடியினர். அரசுப் பட்டியலிலே பழங்குடி. நமது எண்ணத்திலே யார்?

2024 ஜூனில், கள்ளக்குறிச்சியிலே விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. உடனே, கல்வராயன் மலை என்றாலே சாராய மலை என்று நாக்கூசாமல் பேசினர். மெத்தனால் மலையிலா விளைகிறது? ஆலையிலன்றோ விளைகிறது! அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து அம்மலைமக்களின் வாழ்வு பற்றி வழக்கெடுத்தது. பாதையும் பள்ளியும் மருத்துவமும் பற்றி நாடு கேட்பதற்குக் கீழே பிணம் விழ வேண்டியிருந்தது!

"அப்படியானால் விழா எதற்கு? அந்தப் பணத்தில் பாதை போடலாமே!" என்பார் உண்டு. நாம் அப்படிச் சொல்லோம். ஏழைக்குப் பாதைதான் வேண்டும், பாட்டு வேண்டாம் என்பது பணக்காரன் கண்ட தத்துவம். பாதையும் வேண்டும், பாட்டும் வேண்டும். நாம் கேட்பது வேறு: விழாவில் மலைமகன் வீட்டுக்காரனா, வேடிக்கைப் பொருளா?

ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்துக் கடைகளிலே சாமை வண்ணப் பைக்குள் புகுந்தது, விலை ஏணியேறிற்று. அந்த ஏணியில் விளைவித்தவன் எத்தனை படி ஏறினான்? நியாயவிலை அரிசியைக் குறை கூறவில்லை. அது பசியை விரட்டிய அரிசி. தான் விதைத்ததைத் தானே உண்ணக் கட்டுப்படியாகாத நிலையைத்தான் குறை கூறுகிறோம்.

ஆகவே, விழா நடத்துவோருக்கு நான்கு வேண்டுகோள். கடை போட முதலிடம் மலைமக்களுக்கு, அதுவும் வாடகையின்றி. மேடையில் அவர்களது ஆட்டத்துக்கு, அமைச்சரும் அதிகாரியும் வரும்வரை நேரம் போக்கும் இடமல்ல, நடு இடம். சாமைக்கும் தினைக்கும் கூட்டுறவின் வழியே ஆண்டு முழுதும் நியாய விலை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி நிலவுரிமை கேட்டோரின் மனுக்களுக்கு அந்த மேடையிலேயே பதில்.

எத்தனை ஆயிரம் பேர் வந்தார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். வந்தவர் விட்டுச்சென்ற பணத்தில் எவ்வளவு மலையிலே தங்கிற்று? அந்தக் கணக்கும் சொல்லட்டும். விழாவின் வெற்றி அதிலேதான் இருக்கிறது.

இறங்கும்போது மகள் கேட்டாள்: "அடுத்த கோடைக்கும் வருவோமா, அப்பா?"

வருவோம், மகளே! பேரம் பேச அல்ல, கணக்குக் கேட்க. அந்தப் பாட்டி நம்மைச் 'சாமி' என்னாமல், "வா தம்பி" என்றழைக்கும் நாளைக் காண!