பாலிக்கு ஒரே ஒரு டிக்கெட்

டென்னிஸ் பார்க்க பாலித் தீவுக்கா, அதுவும் தனியாகவா என்று சிரிப்பவர்கள் உண்டு. 2009 முதல் 2011 வரை அங்கே நுசா துவாவில் பெண்களுக்கான 'டோர்னமெண்ட் ஆஃப் சாம்பியன்ஸ்' நடந்தது. கடற்கரைத் தீவில், நாலு சுவருக்குள்! (வேடிக்கைதான்.)

கூட்டமாகப் போனால் ஒருவருக்குக் கடல், இன்னொருவருக்குக் கடைத்தெரு. ஆட்டம் மூன்றாவது செட்டுக்குப் போகும்போதுதான் "கிளம்பலாமா?" என்று குரல் வரும். 2011 இறுதியாட்டத்தை அனா இவானோவிச் 6-3, 6-0 என்று சட்டென முடித்துவிட்டார். இதற்கா இவ்வளவு தூரம் என்று முனக, தனியாகப் போனவர் பக்கத்தில் ஆளில்லை.

செலவுதான் உதைக்கும். அறை வாடகை ஆளுக்கல்ல, அறைக்கு. பங்கு போட யாருமில்லை. சரி, நண்பர்கள் சேரட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு? 2012-ல் போட்டியே பல்கேரியாவின் சோஃபியாவுக்குப் போய்விட்டது.