மூட்டுக்கூலியும் மண்டை வேலையும்

எங்கள் பக்கத்தில் தென்னையை மூட்டுக் கணக்கில் சொல்லுவதே வழக்கம்; மூடு என்பது மரத்தின் அடி, விளை என்பது தோப்பு. இன்னாருக்கு நூறு மூடு தென்னை உண்டு என்று சொன்னால், அவருடைய விளையின் பரப்பும் வருமானமும் கேட்பவருக்கு ஏறக்குறைய விளங்கிவிடும். தேங்காய் வெட்டுகிறவருடைய கூலியும் அதே கணக்கில்தான் அளக்கப்படுகிறது. மூட்டுக்கு இத்தனை ரூபாய் என்று பேசிக்கொண்டு, வேலை முடிந்ததும் ஏறிய மரங்களை எண்ணிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இந்த ஏற்பாட்டில் எவ்வித அநியாயமும் இருப்பதாக எனக்கும் நெடுங்காலம் தோன்றியதில்லை. ஆனால் தென்னையின் ஜீவநாடி உச்சியிலுள்ள மண்டையில் இருக்கிறது. அந்த மண்டையில் அமர்ந்து வெட்டுகிறவர் செய்கிற, அல்லது அவகாசமில்லாமல் செய்யாது விட்டுவிடுகிற, வேலைக்கு நம்முடைய கணக்கில் இடமே இல்லை என்பதை இப்போது உணர்கிறேன். மரத்துக்கும் மனிதருக்கும் ஒருங்கே தீங்கு விளைவிக்கும் இந்தக் கணக்கை மாற்றியாக வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

எங்கள் இராஜாக்கமங்கலம் ஊராட்சி ஒன்றியம் கடலையொட்டிய மணற்பாங்கான பூமி. இப்பக்கத்து ஈத்தாமொழியின் பெயரைத் தாங்கிய நெட்டைத் தென்னை, புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது. பருத்த காயும் தடித்த பருப்பும் அதன் விசேஷங்கள். நெட்டை என்ற பெயருக்கு ஏற்ப அது அறுபது எழுபது அடிக்கு மேலும் ஓங்கி வளர்ந்து, ஒரு மனிதரின் ஆயுட்காலம் நின்று காய்க்கும். கடற்காற்றுக்கு வளைந்து சாய்ந்து நிற்கும் மரங்களும் இப்பகுதியில் பல. அந்த உயரத்தையும் அந்தச் சாய்வையும் நாள்தோறும் தன் சரீரத்தால் அளந்து ஜீவனம் செய்கிறவர்தான் நம்முடைய தேங்காய் வெட்டுகாரர்.

எங்கள் விளைக்கு நாற்பது நாளுக்கு ஒருமுறை வருகிற அண்ணாச்சிக்கு வயது அறுபதை நெருங்குகிறது. பொழுது விடிந்து பனி விலகியதும், கயிற்றுத் தளையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெட்டுக்கத்தியை இடுப்பின் பின்புறம் செருகிக்கொண்டு வந்து நிற்பார். உடனே ஏறிவிடமாட்டார். மூட்டருகே நின்று மரத்தைச் சுற்றிவந்து, அண்ணாந்து பார்த்து, தண்டில் எங்கேனும் செந்நிறமான சாறு கசிந்திருக்கிறதா, குருத்து நிமிர்ந்து நிற்கிறதா, ஓலைகளுக்கிடையே குளவிக்கூடு தெரிகிறதா என்று கவனித்த பின்னரே கால்களில் தளையைப் பூட்டுவார். இரு கைகளாலும் தண்டை அணைத்து, உடலைச் சுருக்கி, கால்களை மேலே இழுத்து, மீண்டும் நிமிர்ந்து, அவர் ஏறுவதைக் கீழிருந்து பார்ப்பவர்களுக்கு அது எளிதென்றே தோன்றும். அவருடைய மார்பிலும் முன்கையிலும் பாதத்தின் உட்புறத்திலும் தோல் தடித்துக் கறுத்துக் காய்த்துப்போயிருப்பதைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத்தான் அந்த எளிமையின் விலை தெரியும்.

மேலே சென்றதும் முதல் காரியமாக, தாம் பிடிக்கப்போகிற மட்டையைக் கையால் அசைத்துப் பார்க்கிறார். பச்சையாய்த் தோன்றும் மட்டைகூட அடியில் இற்றுப்போயிருக்கலாம். அதை நம்பிச் சாய்ந்தவர் பலர் திரும்பி நடந்ததில்லை. பிறகு மண்டைக்குள் இடம்பிடித்து அமர்கிறார். தென்னை ஆண்டொன்றுக்குப் பன்னிரண்டு ஓலைகளை ஏறத்தாழ மாதத்துக்கு ஒன்றாக விடுகிறது. ஒவ்வோர் ஓலையின் கக்கத்திலும் ஒரு பாளை உண்டு. பாளை வெடித்ததிலிருந்து நெற்று முற்ற ஓராண்டு செல்லுகிறது. ஆகையால், அந்த மண்டையில் அமர்ந்திருப்பவரைச் சுற்றி ஓர் ஆண்டு முழுவதுமே வட்டமாய் நிற்கிறது. மூடிய பாளை, அப்போதுதான் விரிந்த பூ, குரும்பை, கருக்கு, தேங்காய், நெற்று என்று ஒவ்வொரு மாதத்தையும் கையால் தொட்டுவிடலாம். கத்தியின் முதுகால் காயைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே எந்தக் குலையை இறக்கலாம், எதை அடுத்த வெட்டுக்கு நிறுத்தலாம் என்று அவர் முடிவு செய்வதைப் புத்தகத்தில் எழுதிக் கற்பித்துவிட முடியாது.

குலையை இறக்குவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை, முடிந்துவிடவும் கூடாது. காய்ந்த ஓலைகளையும் கொதும்பையும் சில்லாட்டையையும் அகற்றி மண்டையைச் சுத்தம் செய்ய வேண்டும். இல்லையேல் எலியும் வண்டும் குடியேறிவிடும். காண்டாமிருக வண்டு விரியாத குருத்தைத் துளைத்து உள்ளே செல்லுகிறது. அந்த ஓலை பிற்பாடு விரியும்போது, கத்தரிக்கோலால் விசிறி வடிவில் நறுக்கியது போலத் தோன்றுவதைக் கீழிருந்தே எவரும் காணலாம். ஆனால் காணும்போது காலம் கடந்திருக்கும். குருத்தடியில் புதிதாய்த் தள்ளப்பட்டிருக்கும் நார்ச்சக்கையைக் கண்டு, கொக்கி முனையுள்ள கம்பியை அத்துளையினுள் செலுத்தி வண்டைக் குத்தி எடுப்பதற்கு, மேலே ஒருவர் சென்றிருக்க வேண்டும். வேப்பங்கொட்டைப் பொடி ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உட்புறமுள்ள மூன்று ஓலைகளின் கக்கத்தில் இட வேண்டும் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் பரிந்துரைக்கிறார்கள். அந்தப் பரிந்துரையை எழுபது அடி உயரத்துக்குக் கொண்டு சேர்ப்பவர் யார்?

இங்கே மரத்தின் உடற்கூற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மாமரமும் பலாமரமும் காயம் பட்டால், பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்படையிலிருந்து புதுத் திசு தோன்றி, காலக்கிரமத்தில் வடுவை மூடிவிடும். தென்னைக்கு அந்த வளர்படை கிடையாது. அதன் தண்டில் ஒருமுறை கொத்திய காயம் ஆயுள் முழுவதும் காயமாகவே நிற்கும். அதன் நாற்றத்தை முகர்ந்து வரும் சிவப்புக் கூன்வண்டு அதில் முட்டையிட, புழுக்கள் தண்டை உள்ளேயே தின்று தீர்க்கும். மேலும், தென்னைக்குக் கிளை இல்லை; வளரும் முனை ஒன்றே ஒன்று; அந்தக் குருத்து அழிந்தால் மரம் அழிந்தது. ஏறுவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று தண்டில் படி கொத்துகிறவர்கள் சிலர் உண்டு. எங்கள் அண்ணாச்சி ஒரு நாளும் அதைச் செய்ததில்லை. படி கொத்தினால் கால் நிற்கும், மரம் நிற்காது என்பார். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத அவருக்குத் தாவர சாஸ்திரத்தின் இந்த உண்மை அனுபவத்தால் கைவந்திருக்கிறது.

அப்படிப்பட்டவர் போன ஆண்டு எங்கள் விளையில் இரண்டு மரங்கள் குருத்தழுகிச் சாய்ந்தபோது, நான் சற்று வருத்தத்தோடு, முன்னரே பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, கோபமின்றிச் சொன்ன பதில் என்னை வெகுநாள் உறங்கவிடவில்லை. "தம்பி, மூடு எண்ணித்தானே சம்பளம் தாறிய. மண்டையில இருந்து கம்பி போட்டு வண்டு எடுத்தா ஒரு மூட்டுக்கு ரெண்டு மூடு நேரம் போவும். அந்த நேரத்துக்கு எனக்கு ஆரு தருவா?"

அவர் சொன்னது முழுக்க நியாயம். எத்தனை மரம் ஏறினார் என்பதற்கு மட்டும் கூலி கொடுக்கிற ஒருவர், அவரை விரைவாக ஏறி விரைவாக இறங்கும்படி ஏவுகிறவரே ஆவார். அந்த விரைவில் மண்டை சுத்தமாகாமல் நிற்கிறது. நோயின் முதற்குறி கண்ணில் படாமல் போகிறது. அதே விரைவில்தான் இற்றுப்போன மட்டை சோதிக்கப்படாமல் பிடிக்கப்படுகிறது. மரத்தின் மரணமும் மனிதரின் வீழ்ச்சியும் ஒரே இடத்திலிருந்து புறப்படுகின்றன என்று நான் சொல்லுவது இதனால்தான்.

கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவது. வயலுக்கு அது பாக்கியம். மரமேறுகிறவருக்கோ, ஆண்டில் பல மாதங்கள் தண்டில் பாசி படர்ந்து வழுக்கும் என்பது அதன் பொருள். அத்தகைய மழைக்காலம் ஒன்றில், எனக்குத் தெரிந்த ஒரு விளையில், வெளியூர் வியாபாரி லாரியோடு காத்திருக்கிறார் என்பதற்காக ஈரம் காயுமுன்னர் ஏற்றப்பட்ட நாற்பது வயதுக்காரர் ஒருவர் வழுக்கி விழுந்து முதுகெலும்பு முறிந்தார். விளைக்காரர் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஒரு தொகையைக் கொடுத்ததோடு தம் கடமை தீர்ந்ததென்று கருதினார். விழுந்தவருக்குச் சம்பளப் பதிவேடு இல்லை, முதலாளி என்று சட்டத்தின் முன் நிறுத்தத்தக்க ஒருவரும் இல்லை. அன்றைக்கு அந்த விளை, மறுநாள் வேறொரு விளை என்று போகிறவருக்கு எல்லாரும் முதலாளிகள், ஒருவரும் முதலாளி அல்லர். அவர் மனைவி இன்று கயிறு திரிக்கப் போகிறார். விழுந்தவரோ வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, தெருவில் போகிறவர்களிடம் இந்த முறை காய்ப்பு எப்படி என்று விசாரிக்கிறார்.

மரமேறுகிறவரை அரசு அறியாமல் இருந்த காலம் ஒன்று உண்டா என்றால், இல்லை. கி.பி. 849 ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் தரிசாப்பள்ளிச் செப்பேடு, வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் கொல்லத்துத் தேவாலயத்துக்கு அளித்த உரிமைகளைக் கூறுவது. அதிலே ஏணிக்காணம் என்று ஒரு வரி குறிக்கப்படுகிறது. மரமேறுகிறவருடைய ஏணியின்மேல் விதித்த வரி அது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஒருவருடைய ஏணியைத் தேடிச் சென்று கணக்கில் எழுத ஓர் அரசாங்கத்தால் முடிந்திருக்கிறது. அன்றைய சாதனங்களைக் கொண்டே அது முடிந்ததென்றால், ஓர் ஒன்றியத்தில் மரமேறுகிறவர்கள் எத்தனை பேர், அவர்கள் வயதென்ன, விழுந்தவர் யார் என்று எழுதிவைப்பதை இக்காலத்தில் அரிதென்று ஒருவரும் கூற முடியாது.

பிற தேசங்களில் மரப் பராமரிப்பு ஒரு கௌரவமான உத்தியோகம். அமெரிக்காவில் 1924 ஆம் ஆண்டிலேயே இத்துறையினர் ஒன்று கூடிச் சங்கம் கண்டார்கள். அதுவே இன்று சர்வதேச மரவளர்ப்புக் கழகமாகப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் வழங்குகிறது. 1976 முதல் அவர்கள் நடத்திவரும் மரமேறும் போட்டியில், மரத்தின்மேல் மயங்கிக் கிடப்பவரைப் பத்திரமாகக் கீழே கொண்டுவருவதும் ஒரு பந்தயம். மனிதருக்குப் பதிலாகப் பொம்மையை வைத்து அதைப் பழகுகிறார்கள். இங்கிலாந்தில் உயரத்தில் வேலை செய்வதற்கென்றே 2005 ஆம் ஆண்டு விதிகள் பிறப்பிக்கப்பட்டன. நம் ஊரில் மேலே ஒருவருக்கு மயக்கம் வந்தால், பக்கத்து விளையில் இன்னொருவர் ஏறிக்கொண்டிருக்கிறாரா என்று ஓடிப் பார்க்கிறோம்.

நம்மிடம் முயற்சியே இல்லை என்று சொல்லுவதும் உண்மையாகாது. கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்ற எளிய விவசாயி கண்டுபிடித்த ஏறு இயந்திரம் இன்று பல ஊர்களில் உபயோகத்தில் இருக்கிறது. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னை வளர்ச்சி வாரியம் 2011 ஆம் ஆண்டு முதல் இளைஞர்களுக்கு அந்த இயந்திரத்தில் பயிற்சி அளித்துவருகிறது; நோய் அறிதலும் மண்டை சுத்தமும் அப்பயிற்சியில் அடக்கம். அவ்வாரியமே மரமேறுகிறவர்களுக்காகக் கேர சுரக்ஷா என்னும் விபத்துக் காப்பீட்டை ஏற்படுத்தி, ஆண்டுக் கட்டணத்தின் பெரும்பகுதியைத் தானே ஏற்கிறது. இவ்வளவு இருந்தும், எங்கள் விளைக்கு வருகிற அண்ணாச்சி அக்காப்பீட்டின் பெயரை என் வாயிலாகத்தான் முதல்முதலாகக் கேட்டார். இயந்திரத்தைப் பற்றியும் கேட்டேன். நேராய் நிற்கும் மரத்துக்கு அது நல்லதுதான் என்றும், சாய்ந்த மரத்துக்கு அது தோதுப்படாது என்றும், ஒவ்வொரு மரத்திலும் பூட்டிக் கழற்றும் நேரத்தை மூட்டுக்கூலியில் யார் ஈடுசெய்வார் என்றும் அவர் சொன்னார். பேச்சு மறுபடியும் அந்தக் கணக்கிலேயே வந்து நின்றது.

ஆகையால் என் யோசனை பெரியதன்று. குலை இறக்குவதற்கு ஒரு கூலியும், மண்டை சுத்தத்துக்கும் சிகிச்சைக்கும் தனியாக ஒரு கூலியும் பேசப்பட வேண்டும். பின்னது மரத்துக்கு இத்தனை என்றில்லாமல் நாள் கணக்கில் இருக்க வேண்டும். மழை நாளில் ஏற மறுப்பது அவருடைய உரிமை என்று விளைக்காரர் ஏற்க வேண்டும். காப்பீட்டில் தொழிலாளி செலுத்த வேண்டிய சிறு பங்கை, அவரை அமர்த்துகிற நாலைந்து விளைக்காரர்கள் சேர்ந்து கட்டிவிடலாம். ஒருவருக்கு அது ஒரு குலைத் தேங்காயின் விலைகூட ஆகாது. ஒன்றியத்து வேளாண்மை அலுவலகத்தில் மரமேறுகிறவர்களுக்கென்று ஒரு பதிவேடு திறக்கப்பட வேண்டும். தேங்காய் விலை வீழும் காலத்தில் இதெல்லாம் தாங்குமா என்று என்னைப்போன்ற சிறு விளைக்காரர்கள் கேட்பது எனக்குத் தெரியும். காய்க்கும் மரம் ஒன்று குருத்தழுகிப் போனால், அதன் இடத்தில் வைக்கும் நெட்டைப்பிள்ளை பாளை விட ஆறேழு ஆண்டுகள் செல்லும் என்பதையும் அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசி எங்கள் மரங்களைச் சாய்த்த பிறகு வைத்த பிள்ளைகளுக்காகக் காத்திருந்த ஆண்டுகளை இவ்வூரார் மறந்திருக்க முடியாது.

இந்த வெட்டிலிருந்து நான் அவ்விதம் பேசிக்கொண்டேன். அண்ணாச்சி வழக்கத்தைவிட இரண்டு நாள் அதிகம் வேலை செய்தார். மூன்றாம் நாள் மாலை கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவர், மடியிலிருந்து ஓர் ஓலைப்பொட்டலத்தை எடுத்து விரித்துக் காட்டினார். பளபளவென்று கறுத்து, கொம்பு நிமிர்ந்த வண்டுகள் ஒன்பது. கிணற்றுக்கு மேற்கே உள்ள வரிசையில் மட்டும் ஐந்து கிடைத்ததாகவும், பக்கத்து வீட்டு எருக்குழியைக் கிளறிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, தளையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அடுத்த வெட்டுக்கு முன்னால் வேப்பங்கொட்டை இடித்து, மணலைச் சலித்துக் காயவைத்து விடும்படி எனக்குக் கட்டளை. மணல் திண்ணையில் காய்கிறது.