"யோசிக்காம படு" என்று இனிச் சொல்ல வேண்டாம்

இரவு ஒரு மணி. ஹொஸ்டலில் லைட் அணைத்து கனநேரம். பக்கத்துக் கட்டிலில் மட்டும் போன் வெளிச்சம்.

"என்னடி, நித்திரை வரேல்லையா?"

"நாளைக்கு பிரசென்டேஷன். இங்கிலிஷில கேள்வி கேட்டா என்ன செய்யிறது எண்டு ஒரே யோசனையா கிடக்கு."

உடனே எங்களுக்குத் தெரிந்த ஒரே மருந்தை நீட்டுவோம்: "சும்மா யோசிக்காம படு."

உண்மையைச் சொல்லுங்கோ, இதைக் கேட்டு எங்களில் யாராவது நித்திரை கொண்டிருக்கிறோமா?

குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்காதே என்றால், குரங்குதான் முதலில் வரும். 1987இல் உளவியலாளர் டானியல் வெக்னரும் குழுவினரும் மாணவர்களிடம், வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார்கள். மணி திரும்பத் திரும்ப அடித்தது. எங்கட பழமொழிக்குத் தெரிந்ததுதான் அங்கேயும் நடந்தது.

அதோட, எங்கட யோசனை ஒன்றும் 'சும்மா' இல்லை. ஏ.எல். வரை தமிழில் படித்துவிட்டு இங்கிலிஷில் பேச நிற்கிறோம். "ஆர்ட்ஸ் படிச்சு என்ன வேலை எடுக்கப் போறாய்?" என்று கலியாண வீட்டில்கூடக் கேட்கிறார்கள். வீட்டில் என்ன கஷ்டப்பட்டுக் காசு அனுப்புகிறார்கள் என்பதும் தெரியும். பயம் நியாயமானது. நடுச்சாமத்தில் அதற்குத் தீர்வு தேடுவதுதான் பிழை.

அதனால் பயத்தைத் துரத்தாமல் அதற்கென்று ஒரு நேரம் கொடுப்போம். பின்னேரம் அரை மணித்தியாலம், ஒரு கொப்பி. நாளைக்கே செய்யக்கூடியது ஒரு பக்கம், எங்கள் கையில் இல்லாதது மற்றப் பக்கம். இரவில் திரும்ப வந்தால், "நாளைக்குப் பின்னேரம் பாப்பம்" என்று தள்ளிவைக்கலாம். உளவியலாளர்கள் 1980களில் இருந்தே இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். முதல் நாளே சரிவராது, பழக வேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் இருக்கிற எங்களுக்கும் வேலை இருக்கு. "என்ன கேள்வி வரும் எண்டு பயப்பிடுறாய்? சொல்லு, நான் கேக்கிறன், நீ பதில் சொல்லிப் பார்." பத்து நிமிடம் போதும்.

ஆனால் கிழமைக்கணக்கில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, லெக்சருக்குப் போகவே பயம் என்றால், அது சிநேகிதரால் மட்டும் தீராது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு 24 மணித்தியாலமும் கோல் எடுக்கலாம். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனால் "விசர்" என்று சனம் கதைக்கும் எனப் பயந்து நிற்பவளோடு நாங்களும் கூடப் போவோம். காய்ச்சல் என்றால் போக மாட்டோமா?