பிள்ளை தேர்ந்தெடுத்த உஸ்தாத்



மின்விளையாட்டுகளைக் குறித்து நம் ஜமாஅத்துகளில் இரண்டு வகைப் பேச்சுகளே நடக்கின்றன. ஒன்று மிம்பரில்: எல்லாம் வீண், எல்லாம் ஹராம், அத்துடன் முடிந்தது. மற்றொன்று வீட்டுக்குள்: பிள்ளை வெளியே சுற்றவில்லை, கண்முன்னேதான் உட்கார்ந்திருக்கிறான், விளையாடிவிட்டுப் போகட்டும். முதற்பேச்சைக் கேட்ட பிள்ளை பள்ளிவாசல் படியிறங்கியதும் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறான். இரண்டாம் பேச்சைப் பேசும் பெற்றோர், அந்த ஹெட்போனுக்குள் பேசுகிறவர் யார் என்று கேட்பதேயில்லை. இரு தரப்பாரும் விளையாட்டைப் பற்றியே பேசுகிறார்கள். பிள்ளைக்கு அதைக் கற்றுக்கொடுப்பவரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. என் வழக்கு அவரைப் பற்றியது.

டெக்கன், ஸ்ட்ரீட் ஃபைட்டர் போன்ற சண்டை விளையாட்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு எதிரே ஒருவர். பழிபோடக் கூட்டாளி கிடையாது. தோற்றால் தோற்றவர் தாமே. புதிதாக நுழையும் பையன் நூறு முறை தோற்பான். அப்போது அவன் ஓர் உஸ்தாதைத் தேடுகிறான். வீட்டில் எவருக்கும் தெரியாது. ஆகவே திரையில் வெல்கிறவரைப் பிடித்துக்கொள்கிறான். அவர் ஆடும் பாத்திரத்தையே தானும் எடுக்கிறான். அவர் அடிக்கும் அடிவரிசையை, ஏன் எதற்கென்று அறியாமலே, மனனம் செய்கிறான். வென்றபின் அவர் நாற்காலியிலிருந்து எழும் விதம், எதிரியைக் கிண்டல் செய்யும் விதம், தோற்றால் உதிர்க்கும் சொல் ஆகியவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறான். இவற்றுள் கடைசியில் சொன்னதுதான் முதலில் படிகிறது. விரல் வித்தைக்கு ஆண்டுகள் வேண்டும். வாய் வித்தைக்கு ஒரு மாலை போதும்.

இது கற்பனை என்பார் 2021-ஐ நினைத்துப் பார்க்கட்டும். கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டு, இணையவழி வகுப்புக்கென்று செல்பேசிகள் பிள்ளைகள் கைக்கு வந்திருந்த காலம். பப்ஜி 2020 செப்டம்பரிலேயே நம் நாட்டில் தடைசெய்யப்பட்டிருந்தது. ஆயினும் அதை ஆடிக்கொண்டே யூடியூபில் நேரலை நடத்திய மதன் என்பவரைப் பல லட்சம் பேர் பின்தொடர்ந்தார்கள். அவர்களுள் பள்ளிச் சிறுவர் ஏராளம். பெண்களைக் குறித்து ஆபாசமாகப் பேசினார் என்ற புகார்களின் பேரில் 2021 ஜூன் 18 அன்று தருமபுரியில் அவர் கைது செய்யப்பட்டார். பின்னர் குண்டர் சட்டமும் பாய்ந்தது. பப்ஜி துப்பாக்கி விளையாட்டு, நான் சொன்ன ஒற்றைச் சண்டை விளையாட்டு அன்று. ஆனால் நோய் ஒன்றுதான். அவரது குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை, நம் வேலையன்று. நான் கேட்பது அவருக்குக் காது கொடுத்த பிள்ளைகளைப் பற்றி. செஞ்சியில் எங்கள் மதரஸாவுக்கு ஓதவரும் பத்து வயதுச் சிறுவர்கள், தம் வீட்டில் எவரும் உச்சரித்திராத சொற்களை அந்நாட்களில் உச்சரித்தார்கள். விளையாட்டுச் செயலியில் அச்சொற்கள் எழுதப்பட்டிருக்கவில்லை. ஒரு மனிதர் வாயிலிருந்துதான் வந்தன.

இதற்கு நேர் எதிரான மனிதர் ஒருவரும் இருக்கிறார். எல்லைக்கு அப்பாலுள்ளவர் என்பதால் சிலருக்குச் சுருக்கென்று இருக்கலாம், இருக்கட்டும். லாகூரின் அர்சலான் சித்தீக், விளையாட்டுலகில் அர்சலான் ஆஷ். 2019 பிப்ரவரியில் ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த எவோ ஜப்பான் போட்டிக்கு, பயணத் தடங்கல்களால் அலைந்து, சரியான உறக்கமின்றி வந்து சேர்ந்தார். அங்கே அவரை அறிந்தோர் மிகச் சிலர். டெக்கனில் பட்டம் வென்றார். வென்ற கையோடு அவர் சொன்னது, என்னைவிட்டால் ஆள் கிடையாது என்பதன்று. தம் நாட்டில் தமக்கு ஈடானவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று சொல்லி, அவைஸ் ஹனி என்ற ஆட்டக்காரரின் பெயரையும் சொன்னார். பலர் நம்பவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் எவோ இறுதியில், கொரியாவின் ஜாம்பவான் பே ஜே-மின்னை வென்றார். (அவருடைய பட்டப்பெயர் ‘நீ’, முழங்கால் என்று பொருள். தமிழில் படித்தால் சிரிப்புத்தான் வருகிறது.) அந்த ஜாம்பவானே பின்னர் பாகிஸ்தானுக்குப் போய் அங்குள்ள ஆட்டக்காரர்களுடன் ஆடிப் பார்த்தார். 2023 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் டெக்கன் உலகச் சுற்றுப்போட்டியின் இறுதியை வென்ற ஆதிஃப் பட்டும் பாகிஸ்தானியரே. அர்சலான் 2024-இல் தம் ஐந்தாவது எவோ பட்டத்தைப் பெற்றார்.

அவர் நாக்கிலிருந்து வந்த அந்த ஒரு வாக்கியத்தின் விளைவைக் கவனியுங்கள். புதிதாய் வருகிற ஒருவன் அதிலிருந்து என்ன கற்பான்? நான் வென்றால் என் தெருக்காரனின் பெயரும் சொல்லப்பட வேண்டும் என்று கற்பான். நம்மூருக்கு நெருக்கமான உதாரணம் விசுவநாதன் ஆனந்த். 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர், பின்னாளில் குகேஷ், பிரக்ஞானந்தா போன்ற இளையோருக்கு வழிகாட்டினார். குகேஷ் 2024 டிசம்பரில் உலகச் சாம்பியன். சென்னைச் சிறுவர்கள் ஆனந்திடம் எடுத்துக்கொண்டவற்றுள் சதுரங்கக் காய் நகர்த்தல் ஒன்று மட்டுமே.

நம் மார்க்கம் வலிமையை வெறுப்பதில்லை. ருகானா என்ற மல்லரை நபி (ஸல்) அவர்கள் மற்போரில் வீழ்த்தியதாக அறிவிப்பு உண்டு. ஆனால் மல்யுத்தத்தில் வீழ்த்துபவன் வீரனல்லன், கோபம் வரும்போது தன்னை அடக்கிக்கொள்பவனே வீரன் என்ற கருத்தையும் அவர்களே தந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. சண்டையிடும்போது முகத்தில் அடிக்காதீர்கள் என்றும் தடுத்தார்கள். (திரையில் விழும் குத்துகளில் பாதி முகத்தில்தான். அதைத் தனியே எழுத வேண்டும்.) சிலம்பம் பழகியவர்களைக் கேளுங்கள்: கம்பைச் சுழற்றுமுன் சலாம் வரிசை. ஆசானுக்கும் களத்துக்கும் எதிரே நிற்பவனுக்கும் மரியாதை செய்யாமல் முதல் அடி கிடையாது. கைவித்தைக்கு முன் அதபைக் கற்பிக்கும் அந்த ஒழுங்கு, தானே ஆசானைத் தேடிக்கொள்ளும் திரையில் இல்லை. அங்கே ஒரு நட்சத்திரம் அதைக் கொண்டுவந்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

ஒருவன் தன் உற்ற நண்பனின் வழியிலேயே செல்வான், எனவே யாரை நண்பனாக்குகிறோம் என்று பார்க்கவேண்டும் என்ற நபிமொழியை நாம் தெருமுனைக் கூட்டாளிகளுக்கு மட்டும் பொருத்திப் பேசி வருகிறோம். தினமும் மூன்று மணி நேரம் காதில் பேசுகிறவர் நண்பரில்லையென்றால் வேறு யார்?

இந்த ஊரில் வாழ்ந்துகொண்டு இதை விளங்கிக்கொள்ளாதிருப்பதுதான் வியப்பு. ராஜகிரியின் கீழே சாதத்துல்லா கான் பள்ளிவாசலைக் கடக்கும்போதெல்லாம் 1714 நினைவுக்கு வரும். தேசிங்குராஜன் ஆற்காட்டு நவாபை எதிர்த்து மாண்டபோது இளைஞன். அவனுடைய தோழன் மகபத்கான் தன் திருமணப் பந்தலிலிருந்தே எழுந்து போருக்குப் போனதாகக் கதைப்பாடல் சொல்லும். தான் நேசிக்கும் வீரனுக்காக ஒரு வாலிபன் எதை விட்டு எழுந்துவிடுவான் என்பது இந்தக் கோட்டைக்குத் தெரியும். இஷாவை விட்டு எழுவது அதைவிட எளிது.

“ரியாதிலேயே 2024 முதல் மின்விளையாட்டு உலகக் கோப்பை நடத்துகிறார்களே, நமக்கு மட்டும் என்ன?” என்று ஒரு சகோதரர் கேட்டார். அரபு நாட்டில் நடப்பதெல்லாம் மார்க்க ஆதாரமாகாது. அக்கோப்பை உங்கள் பிள்ளையின் ஃபஜ்ருக்குப் பொறுப்பேற்கப் போவதுமில்லை. இன்னொருவர், அரசே 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுத்து, மின்விளையாட்டுப் போட்டிகளைத் தனியே அங்கீகரித்துவிட்டது என்றார். சரிதான். பணப்பையைக் காக்கச் சட்டம் வந்துவிட்டது. நாக்கைக் காக்கும் சட்டத்தை எந்த அரசும் இயற்றாது. அது உம்மா வாப்பாவின் அமானிதம்.

ஆகவே செல்பேசியைப் பிடுங்குமுன் பிள்ளையிடம் ஒன்றைக் கேளுங்கள்: “நீ யாருடைய ஆட்டத்தைப் பார்க்கிறாய்?” பெயரைச் சொல்லுவான். அந்த ஹெட்போனை உங்கள் காதில் மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் கேளுங்கள். ஆட்டம் புரிய வேண்டியதில்லை. அந்த மனிதர் தோற்கும்போது என்ன சொல்கிறார் என்பதை மட்டும் கேளுங்கள்.