கத்திக்கு முன்னால் புத்தி!

"வெயிட்டைக் குறைக்க ஆபரேஷன் பண்ணிக்கச் சொல்றாங்க. நீங்களாவது வேண்டாம்னு சொல்லுங்க டாக்டர்!"

சித்த மருத்துவரைத் தேடி வருகிறவர்களில் பலர் இந்த எதிர்பார்ப்போடுதான் வருகிறார்கள். சித்த வைத்தியருக்குக் கத்தி என்றாலே ஆகாது என்று ஒரு நினைப்பு. அது சரியல்ல! சித்த மருத்துவத்தில் அக மருந்து 32, புற மருந்து 32 என்று படிக்கிறோம். அந்தப் புற மருந்துகளில் அறுவையும் ஒன்று. எனவே தேவைப்படுகிறவருக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. 'தயாராகாமல் போகாதீங்க' என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்.

முதலில், இது யாருக்கு? உங்கள் எடையை உயரத்தால் (மீட்டர் கணக்கில்) இரண்டு முறை வகுத்துப் பாருங்கள். 90 கிலோ எடை, 1.60 மீட்டர் உயரம் என்றால் விடை சுமார் 35. இதுதான் பி.எம்.ஐ. 1991-ல் அமெரிக்காவில் வகுத்த விதிப்படி 40-க்கு மேல், அல்லது கூடவே வேறு வியாதி இருந்தால் 35-க்கு மேல் இருப்பவர்களுக்குத்தான் இந்த ஆபரேஷன். 2022-ல் அறுவை நிபுணர்களின் சர்வதேச அமைப்புகள் அதை 35 என்று தளர்த்தின. சர்க்கரை வியாதி போன்றவை இருந்தால் 30-லேயே யோசிக்கலாம் என்றன. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு இன்னும் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வந்துவிடுவதால் 27.5 என்றும் சொன்னார்கள். 'தங்கச்சி கல்யாணத்துக்குள்ள எட்டு கிலோ குறையணும்' என்பவர்களுக்கான சமாசாரம் இல்லை இது!

சரி... உள்ளே என்னதான் செய்கிறார்கள்? 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையில் சுமார் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. 'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேல்பகுதியை மட்டும் ஒரு சின்னப் பையாகப் பிரித்து, சிறுகுடலோடு நேராக இணைக்கிறார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோனும் குறைவதால், முன்போலப் பசிக்காது. ஆனால், மனசு சரியில்லை என்றால் மிக்சர் டப்பாவைத் தேடிப் போகிற கை இருக்கிறதே... அதற்கு ஆபரேஷன் கிடையாது! அதை நாம்தான் பழக்க வேண்டும்.

உடம்பைத் தயார் செய்வது எப்படி?

மூன்று மாதச் சராசரி சர்க்கரை, தைராய்டு, இரும்புச்சத்து, பி12, டி வைட்டமின், இதயப் பரிசோதனை, எண்டோஸ்கோபி என்று நீளமாக ஒரு பட்டியல் கொடுப்பார்கள். 'காசு பிடுங்கத்தான்' என்று சலித்துக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே சத்துக் குறைவாக இருக்கிறவருக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு அது இன்னும் மோசமாகும். தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா? கட்டாயம் சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுப்பவருக்கு முதலில் தெரிய வேண்டிய விஷயம் அது.

ஆபரேஷனுக்கு முன் சுமார் இரண்டு வாரம், மாவுச்சத்தும் கொழுப்பும் குறைந்த உணவு மட்டும் சாப்பிடச் சொல்வார்கள். ஏன் தெரியுமா? பருத்த உடம்பில் ஈரல் கொழுப்பேறி வீங்கி, இரைப்பைக்கு மேல் கவிந்துகொண்டிருக்கும். இந்தப் பத்தியத்தில் அது சுருங்கும். சர்ஜனுக்கு வழி கிடைக்கும். 'இனிமே சாப்பிட முடியாதே' என்று முந்தின வாரம் பிரியாணி விருந்து வைத்தால், அத்தனையும் வீண்! சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், பத்தியம் தொடங்கும் முன்பே அளவை டாக்டரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும்.

பீடி, சிகரெட்டைக் குறைந்தது ஆறு வாரம் முன்பே விட்டுவிடுங்கள். தினமும் அரை மணி நேரம் நடங்கள். மூச்சை ஆழமாக இழுத்து விடப் பழகுங்கள். ஆபரேஷன் முடிந்த அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கச் சொல்வார்கள். காலில் ரத்தம் உறையாமல், நுரையீரலில் சளி கட்டாமல் காப்பது அந்த நடையும் மூச்சும்தான்.

மறைக்காதீர்கள்!

இதைச் சித்த மருத்துவன் நானே சொல்வதுதான் நியாயம். 'நாட்டு மருந்துதானே, இதைப் போய் இங்கிலீஷ் டாக்டர்கிட்ட எதுக்குச் சொல்லணும்?' என்று பலரும் மறைத்துவிடுகிறார்கள். சொன்னால் திட்டுவாரோ என்ற பயம் வேறு. மருந்து என்றால் அது உடம்பில் வேலை செய்யும். வேலை செய்கிற பொருளுக்கு நல்ல விளைவும் உண்டு, வேண்டாத விளைவும் உண்டு. ரசத்தில் போடும் பூண்டும் மஞ்சளும் பிரச்னை இல்லை. அதையே மாத்திரையாக, அதிக அளவில் எடுத்தால் ரத்தம் உறைவது தாமதப்படலாம். அதிமதுரத்தை நிறைய நாள் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். சூரணம், லேகியம், கஷாயம் எதுவானாலும் பெயரையும் அளவையும் எழுதிக் கொடுங்கள். பொதுவாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்துங்கள், உங்கள் சித்த மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அதே சமயம் பி.பி., சர்க்கரை மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்!

இன்னொன்று... 'மூலிகை' என்று லேபிள் ஒட்டி விற்கிற எடைக் குறைப்புப் பொடிகள். சிபுட்ரமின் என்ற ரசாயனத்தை, இதயத்துக்கு ஆபத்து என்று 2011-ல் நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் மூலிகைப் பொடி என்ற பெயரில் வருபவற்றில் இதைக் கலந்து விற்பது உலகின் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. அப்படி எதையாவது சாப்பிட்டிருந்தால் டப்பாவோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். வாரம் ஒரு முறை போடும் எடைக் குறைப்பு ஊசியையும் சொல்ல வேண்டும். அது இரைப்பை காலியாவதைத் தாமதமாக்கும். மயக்கத்தில் வாந்தி வந்தால் ஆபத்து.

மனசு தயாரா?

முதல் கேள்வி: இந்த ஆபரேஷன் யாருக்காக? 'குண்டு' என்று கேலி பேசும் சொந்தக்காரர்களுக்காகவா, மாமியாருக்காகவா, உங்களுக்காகவா? ஊர் வாய்க்காக என்றால், அந்த வாய் அப்போதும் மூடாது. எடை குறைந்த பிறகு, 'என்னம்மா, முகமெல்லாம் வத்திப்போச்சு, ஏதாச்சும் வியாதியா?' என்று கேட்கும்!

வயிறு பசித்துச் சாப்பிடுகிறோமா, மனசு வலித்துச் சாப்பிடுகிறோமா என்று கண்டுபிடியுங்கள். ஒரு நோட்டில் பதினைந்து நாள், எப்போது, என்ன, எதற்காகச் சாப்பிட்டேன் என்று எழுதுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்த காரணம் உங்களுக்கே புரியும். மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னால், 'நான் என்ன பைத்தியமா?' என்று கோபப்படாதீர்கள். சாப்பாடு தந்த ஆறுதல் திடீரென்று இல்லாமல் போகும்போது சிலர் சோர்ந்து போகிறார்கள். சிலர் குடிப் பக்கம் சாய்கிறார்கள். பைபாஸ் ஆனவர்களுக்குப் போதை சீக்கிரம் ஏறும் என்பது அதைவிட ஆபத்து. ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் அதை அவசியம் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களும் தயாராக வேண்டும். 'இன்னும் ஒரே ஒரு இட்லி' என்று தட்டில் வைப்பது நம் ஊரில் பாசம். இனி அந்தப் பாசம் வாந்தியில் முடியும் என்று அம்மாவுக்கும் மனைவிக்கும் முன்பே புரிய வைத்துவிடுங்கள். தோல் தொங்கலாம். வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. பெண்கள் ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். இதெல்லாம் பின்னால் தெரிந்து அழுவதைவிட, இப்போதே பேசி முடிவெடுப்பது நல்லது.

2024 ஏப்ரலில் சென்னையில், எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போன ஓர் இளைஞர் இறந்துபோன செய்தி வந்தபோது எத்தனையோ குடும்பங்கள் நடுங்கிப்போயின. பயம் நியாயமானதுதான். பயத்தைக் கேள்வியாக மாற்றுங்கள். இந்த ஆபரேஷனை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? தீவிர சிகிச்சைப் பிரிவு இங்கேயே இருக்கிறதா? ஒரு வருடம் கழித்து என்னை யார் பார்ப்பார்கள்? பதில் சொல்ல முகம் சுளிக்கும் இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். தள்ளுபடி விளம்பரத்தைப் பார்த்துப் போகவே போகாதீர்கள்.

என் யோசனை இதுதான். அவசரம் என்று டாக்டர் சொல்லாத பட்சத்தில், மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் ஆனவரைப் போலவே அந்த மூன்று மாதமும் பழகிப் பாருங்கள். சின்னத் தட்டு. முதலில் பருப்பு, முட்டை, மீன், பிறகுதான் சோறு. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்லுவது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்தே தண்ணீர். கூல்டிரிங்க்ஸ் கிடையாது. தினமும் நடை. இத்தனையும் பழகிய பிறகும் எடை அசையவில்லை, சர்க்கரையும் மூட்டு வலியும் விடவில்லை என்றால், தைரியமாகப் போங்கள். அந்தப் பழக்கங்களோடு போகிறவருக்குத்தான் ஆபரேஷன் காலத்துக்கும் கைகொடுக்கும்.