இலைக்கு இலை வித்தியாசம்

ஒரு பெண் சோர்ந்திருந்தால், ‘வல்லாரை அவித்துக் குடி, கொத்தமல்லி அவித்துக் குடி’ என்பதுதான் நம் வீடுகளின் முதல் வைத்தியம். மாதவிடாய்க் காலத்தில் இஞ்சி தட்டிப்போட்ட கொத்தமல்லித் தண்ணீர் வயிற்றுக்கு இதம்தான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ‘இரத்தம் ஊறும்’ என்று நம்பி இலையை அவித்து, சக்கையை எறிந்துவிட்டு, வடிநீரை மட்டும் குடிப்பதுதான் எனக்கு விளங்கவில்லை. இரும்புச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறதே! வல்லாரைச் சம்பலும் முருங்கையிலைச் சுண்டலும் அதைவிட மேல். மேலே தேசிக்காய் பிழிந்தால் கீரையின் இரும்பை உடல் இன்னும் நன்றாக ஏற்கும்.

இதைவிடப் பெரிய விடயம் நம்மைச் சுற்றியே இருக்கிறது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பயிரிட்ட தேயிலை இன்று அக்கரப்பத்தனை மலைகளையும் மூடிநிற்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்கள் ரொட்டியோடு சாயத் தேத்தண்ணி குடித்துவிட்டு மலையேறுகிறார்கள். தேயிலையின் துவர்ப்பு ரொட்டியிலும் கீரையிலுமுள்ள இரும்பை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் அந்தத் தடை குறையும். சொல்வது எளிது, பிரட்டுக்கு ஓடுகிறவளுக்கு அந்த ஒரு மணித்தியாலத்தை யார் கொடுப்பது? ரொட்டியைச் சுடுதண்ணீரோடு தின்றுவிட்டு, தேத்தண்ணியை வேலையின் இடைவேளைக்கு வைக்கலாம். அந்த இடைவேளையைத் தோட்டங்கள் ஒழுங்காகத் தரவேண்டும்.

கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையை அலமாரியில் வைத்துவிட்டு மூலிகைத் தண்ணீரை நம்புவோர் உண்டு. அதைத் தேத்தண்ணியோடு விழுங்குவோரும் உண்டு. உம்மாமாரே, குளிசையை வெறும் தண்ணீரோடு கொடுங்கள்; கொத்தமல்லியைப் பிறகு ஆறுதலாகக் குடிக்கலாம்.